மார்ட்ஸ் செயற்குழுவுக்கு சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழுவினருக்கு வணக்கம்.

நம் மார்ட்ஸ், அதாவது சொந்த டிரான்ஸ்மிட்டரில் பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களின் மலேசியச் சங்கம், 1952இல் உருவானது. அது எப்பேர்ப்பட்ட நேரம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலமே வந்தது. ஊரடங்கு, அடையாள அட்டைச் சோதனை, முள்வேலி என்று நாடு இறுகிக் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில், வீட்டில் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தவர்கள் வெளிப்படையாகக் கூடி ஒரு சங்கம் கண்டார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

வேர் அதற்கும் முந்தியது. 1921இல் ஜொகூர் அரசாங்க மின்பொறியாளர் பர்ச் வானொலிக் கருவியைக் கொண்டுவந்து அங்கே ஒரு சங்கம் தொடங்கினார். கோலாலம்பூரும் பினாங்கும் பின்தொடர்ந்தன. இந்த மண்ணில் முதன்முதலில் காற்றில் குரலை ஏற்றியவர்கள் இந்த ஆர்வலர்களே. 2007இல் நம் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் விண்வெளியிலிருந்து ஹாம் ரேடியோவில் நம் மாணவர்களோடு பேசியது பலருக்கு நினைவிருக்கும். பழைய கதையைச் சொல்லத்தான் ஆளில்லை.

அதனால் கேட்கிறேன்: வானொலியில் பேசிக்கொண்டதை உறுதிப்படுத்தி ஒருவருக்கொருவர் அஞ்சலில் அனுப்பிய பழைய கியூ.எஸ்.எல். அட்டைகளையும், தொடர்புகளைக் குறித்துவைத்த லாக் புத்தகங்களையும் இப்போதே திரட்டுங்கள். கோலாலம்பூரில் மட்டும் தேடினால் போதாது.

எங்கள் குடியிருப்புத் தாமானில் ஹாம் ரேடியோக்காரரான ஒரு பெரியவர் இருந்தார். தோட்டத்து ஆலையில் எலக்ட்ரீஷியன். அவர் தவறிய பிறகு, மைலோ டின்களில் அடுக்கி வைத்திருந்த அட்டைகள் பழைய பேப்பர் லாரிக்குப் போய்விட்டன. வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. அவற்றின் அருமையை அவர்களுக்கு யார் சொன்னார்கள்? மகள் ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். 1968இல் கொழும்பிலிருந்து வந்தது. 7 மெகாஹெர்ட்ஸ், மோர்ஸ், சிக்னல் 579, அதாவது தெளிவாகவே கேட்டிருக்கிறது. நேரம் 13.30 ஜிஎம்டி. அப்போது நம் கடிகாரம் ஏழரை மணி நேரம் முன்னால் ஓடியதால், இங்கே இரவு ஒன்பது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, எழும் தோட்டத்து லயமே படுத்துவிட்ட நேரத்தில், இவர் மட்டும் கடல் கடந்து மோர்ஸ் சாவி தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்!

அந்த அட்டையில் அவருடைய நிலையத்தின் பெயரான அழைப்புக்குறி, நாட்டைக் காட்டும் 9எம்2 என்று தொடங்குகிறது. காலனி ஆட்சியில் அதே இடத்தில் விஎஸ்2 இருந்தது. இரண்டு வகை அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாடு விடுதலையானதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்ப்பார்கள். எந்தப் பாடநூலும் இதை இப்படிக் காட்டாது.

சுங்கை சிப்புட், பீடோர், பாகாவ், குளுவாங் போன்ற ஊர்களுக்கு ஒரு ஸ்கேனரோடு வாருங்கள். அட்டைகளைப் படமெடுத்துக்கொண்டு உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் நம்பித் தருவார்கள். பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், அவர்கள் தமிழில் பேசினால் தமிழிலேயே. மொழிபெயர்க்க நாங்கள் இருக்கிறோம். இங்கே மண்டபம் பிடிப்பதும் வீடு வீடாகப் போய்ச் சொல்வதும் என் பொறுப்பு. எந்த ஞாயிற்றுக்கிழமை தோதுப்படும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் உறுப்பினர்