ஊருக்கு ஊர் தீயணைப்புத் தொண்டர்கள் வேண்டும்

ஆசிரியருக்கு,

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் வடமராட்சிக் கிழக்கில் பனங்கூடல்கள் காய்ந்து கிடக்கும். குப்பை கொளுத்திய இடத்திலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும். காவோலை பற்றி, கிடுகு வேலி வரைக்கும் நெருப்பு வந்துவிடும். யாழ் நகரிலிருந்து தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் தூரம் தூரம்தானே!

அண்மையில் எங்கள் ஒழுங்கையில் தீப்பிடித்தபோது முதலில் ஓடிவந்தவர்கள் சனசமூக நிலையப் பெடியள்தான். தோட்டத்துக்கு இறைக்கும் வாட்டர் பம்ப்பைக் கிணற்றடிக்குத் தூக்கிவந்து, குழாயை நீட்டி அணைத்தார்கள். ஒருவர் மின்சார சபைக்கு அறிவித்தார். இன்னொருவர் கோயில் ஒலிபெருக்கியில், எந்தப் பக்கம் போகக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இல்லாவிட்டால் சனம் புகைக்குள்ளேயே ஓடியிருக்கும்.

ஆனால் குழாய் பிடித்த பிள்ளையின் காலில் செருப்புக்கூட இல்லை. பார்த்து மனம் பதறிவிட்டது. பிரதேச சபை இவர்களைத் தொண்டர் அணியாகப் பதிந்து, சப்பாத்தும் நீளக் குழாயும் கொடுக்க வேண்டும். மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவு பயிற்சி கொடுக்கலாம். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதும், அவசர இலக்கம் 110 என்பதும் வீட்டுக்கு வீடு போய்ச் சேரட்டும். அடுத்த சோளகத்துக்கு முன்பே இதைத் தொடங்குங்கள்.

வாசகர்,
வடமராட்சிக் கிழக்கு