மூன்றாம் மாடி மாமாவின் ஷேவிங் பிரஷ்

மாட்டுங்கா கோஷ்டிக்கு நமஸ்காரம்.

நேற்றுக் காலை இவர் தானே டம்ளரைப் பிடித்துக் காபி குடித்தார். பாதி சட்டையில்தான் போயிற்று. இருந்தாலும் குடித்தார். அந்தச் சந்தோஷத்தில் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததையெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட நீங்கள்தான் அதிகம் ஓடினீர்கள். ஃபைவ் கார்டன்ஸில் சாயந்திரம் நடக்கிற நம் கோஷ்டியில் அறுபத்தைந்துக்குக் கீழே ஒருத்தர் கிடையாது. பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. அந்த லட்சணத்தில் காலண்டரின் பின்பக்கம் கோடு போட்டு, முறை வைத்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். ரசம் சாதம் கொண்டு வந்தவர்கள், ரத்தம் கொடுக்கப் பேரனை அனுப்பியவர்கள், துளசிக்குத் தண்ணீர் விட்டவர்கள், பில்லில் இரண்டு தடவை ஏறியிருந்த தொகையைக் கண்டுபிடித்துச் சண்டை போட்ட ஆடிட்டர் மாமா, எல்லாருக்கும் நன்றி.

ஆனால் ஷேவிங் விஷயத்தைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

இவருக்கு ரயில்வே பென்ஷன், மாட்டுங்கா ஒர்க்‌ஷாப் சர்வீஸ். உயிரோடு இருக்கிறோம் என்று வருஷா வருஷம் காட்டுகிற லைஃப் சர்ட்டிபிகேட்டை எண்பது தாண்டியவர்கள் அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்தே கொடுக்கலாம். எங்கள் அக்டோபர் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். நவம்பர் கடைசி வாரத்தில் மூன்றாம் மாடி மாமாதான் ஞாபகப்படுத்தினார். "விட்டா பென்ஷன் நின்னுடும் மாமி. அப்புறம் கொடுத்தா அரியரோட வரும்தான், ஆனா இப்பல்ல பணம் வேணும்?" விரல் ரேகை போன வருஷமே மெஷினில் விழவில்லை, தேய்ந்துபோய்விட்டது. முகத்தைக் காட்டிப் போனிலேயே முடித்துவிடலாம் என்று பென்ஷன் ஆர்டரின் பிபிஓ நம்பரும் கையுமாக வார்டுக்கு வந்தார்.

வந்தவர் இவருடைய இருபத்திரண்டு நாள் தாடியைப் பார்த்தார். "ஆதார்ல மழமழன்னு இருக்கு. இதை எப்படி ஒத்துக்கும்?" என்று போய்விட்டார்.

மறுநாள் துணிப்பையோடு வந்தார். உள்ளே அவருடைய பிரஷ், கிண்ணம், சோப்பு, புது ரேசர். மாமாவுக்கு 78 வயது. கை நடுக்கம் உண்டு, டபராவை இரண்டு கையாலும் பிடிப்பவர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நர்ஸ் பெண் பஞ்சை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். மாமா இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நகத்தளவு நகத்தளவாக இழுத்தார். முக்கால் மணி நேரம். காதோரம் ஒரே ஒரு கீறல்.

பத்து நாளாக 'ம்' தவிர எதுவும் பேசாத இவர், "கண்ணாடி" என்றார். என் பையில் இல்லை. மாமா போன் கேமராவைத் திருப்பிக் காட்டினார். இவர் ரொம்ப நேரம் பார்த்தார். மீசையைத் தொட்டு, "ஒரு பக்கம் ஏறியிருக்கு" என்றார்.

சர்ட்டிபிகேட்டா? கண்ணைச் சிமிட்டச் சொல்லி இரண்டு தடவை படுத்திவிட்டு மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டது. இவர் உயிரோடு இருக்கிறார் என்று மெசேஜும் வந்தது. எனக்கு அது மீசையைக் குறை சொன்னபோதே தெரிந்துவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்கென்ன, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று, நடைக்கு மட்டும் வந்துவிட்டு முறைப் பட்டியலில் பேர் எழுதாமல் நழுவியவள் நான். இனி செவ்வாயும் வியாழனும் மத்தியான முறை எனக்கு. அடுத்த அக்டோபரில் சர்ட்டிபிகேட் எடுக்கவும் வருவேன். மாமா சொல்லிக் கொடுத்துவிட்டார்: வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுப் பக்கம் ஜன்னல் கூடாது. ஷேவிங் மட்டும் என்னால் ஆகாது.

மாமா, உங்கள் பிரஷ் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அடையும் அவியலும். சாப்பிட வாருங்கள். மீசையின் அந்தப் பக்கத்தைச் சரிசெய்ய இவர் காத்திருக்கிறார்.

இரண்டாம் மாடி மாமி