நீங்கள் வாங்க மறுத்த அலகுக்கும் விலை உண்டு

மின்சக்தி அமைச்சுக்கும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும், கூரையில் சோலர் பூட்டிய வடக்குக் குடும்பம் ஒன்றிலிருந்து.

வணக்கம்.

2025 சித்திரைப் புத்தாண்டு நேரம் மின்சார சபை ஒரு வேண்டுகோள் விட்டது. ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரை சோலர் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்தி வைக்க வேண்டும். காரணம் எங்களுக்கு விளங்காமல் இல்லை. பண்டிகைக்குத் தொழிற்சாலையும் பூட்டு, கந்தோரும் பூட்டு, வெயிலோ உச்சியில். அந்த நேரம் கூரைகளிலிருந்து மின்சாரம் வந்து குவிந்தால், மின்வலையின் அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸில் தாங்கிப் பிடிக்கும் பெரிய இயந்திரங்களை ஓட்ட இடமிருக்காது. மின்வலை தளர்ந்தால் என்னவாகும் என்று பார்த்தவர்கள்தான் நாங்களும். அந்த வருடம் பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் தொடங்கிய கோளாறு முழு நாட்டையும் இருட்டாக்கியது. குரங்கு ஒன்றுதான் காரணமென்று போட்ட பழி ஒரு பக்கம் இருக்கட்டும், நுரைச்சோலை நிலக்கரி மின்நிலைய இயந்திரங்களும் நின்றுபோய், அடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது. ஆகவே நிறுத்தச் சொன்னது தவறென்று நாங்கள் வாதாட வரவில்லை.

நிறுத்திய நேரத்துக்கான காசு யாருடையது என்பதுதான் கேள்வி.

2016 செப்டெம்பரில் கூரை சோலருக்கான சூரிய பல சங்கிராமய திட்டம் வந்தபோது அரசு சொன்ன கணக்கு தெளிவானது. 20 வருட ஒப்பந்தம். மிஞ்சும் அலகுக்கு முதல் 7 வருடம் 22 ரூபாய், மிச்ச 13 வருடமும் 15 ரூபாய் 50 சதம். அதை நம்பித்தான் எத்தனையோ பேர் நகையை அடகு வைத்தார்கள், வங்கியில் கடன் எடுத்தார்கள். பிறகு 2022 வந்தது. ரூபாய் விழுந்தது, வங்கி வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதமும் ஏறியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அலகுக்கு 37 ரூபாய் என்றார்கள். பழைய ஆட்களுக்கு அதே 22. ஏழு வருடம் முடிந்ததும் 15.50. கேட்டால் "ஒப்பந்தம் அப்படித்தான்" என்பதே பதில். சரி, கையெழுத்து எங்களுடையது. ஆனால் ஒப்பந்தம் எங்களை மட்டும் கட்டுமா?

5 கிலோவாட் கூரை ஒன்று நல்ல வெயிலில் நாளுக்கு 20 அலகு வரை தரும். 3 மணி வரை நிறுத்தினால் அதில் 15 அலகாவது போய்விடும். ஒன்பது நாளுக்கு, 22 ரூபாய்ப்படி பார்த்தால் மூவாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. சின்னக் காசுதான். என்றாலும் வருடத்தின் எல்லா நீண்ட விடுமுறைகளுக்கும் இதே வேண்டுகோள் வரத் தொடங்கினால், கடன் தவணையில் எத்தனை மாதம் துண்டு விழும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியார் அனல் மின்நிலையங்களோடு செய்யும் ஒப்பந்தங்களில், இயந்திரம் ஓடாமல் தயாராக நின்றாலே கொள்ளளவுக் கட்டணம் என்று ஒன்று போகிறது. எண்ணெய் எரிப்பவருக்கு உள்ள அந்த உரிமை வெயிலை விற்பவருக்கு ஏன் இல்லை? சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தை அண்டிய கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த ஊர்க்காரர் நாங்கள். இந்தக் கேள்வி எங்களுக்குக் கொஞ்சம் கூடவே உறைக்கும்.

நிறுத்திய அலகை அளப்பது கடினமென்று சொல்லாதீர்கள். சோலர் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டரில் ஒவ்வொரு நாள் உற்பத்தியும் பதிவாகிறது, நிறுத்தாத நாட்களோடு ஒப்பிட்டால் போதும். அது வேண்டாமென்றால், அதே வீட்டின் முந்தைய வருட ஏப்ரல் சராசரியை எடுங்கள். முதலில் நிறுத்த வேண்டியவையும் வீட்டுக் கூரைகள் அல்ல. 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பெரிய கூரைகள். தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் கருவியை அவற்றில் பூட்டுவது இலகு, இழப்பைத் தாங்கவும் அவற்றின் சொந்தக்காரரால் முடியும்.

2025 இல், பற்றரியில் சேமித்து இரவு உச்ச நேரத்தில் கொடுத்தால் அலகுக்கு 45 ரூபாய் 80 சதம் என்றீர்கள். நல்ல விலை. ஆனால் பற்றரி வாங்க வீட்டுக்காரனுக்கு யார் கடன் தருவது? 2025 இல் புதிதாகச் சேர்ந்த சின்ன வீட்டுக்குச் சொன்ன 20 ரூபாய் 90 சதத்தை வைத்துக்கொண்டு அந்தக் கடனை அடைக்க முடியாது. குறைந்த வட்டியில் பற்றரிக் கடன் ஒன்றை விலையோடு சேர்த்தே அறிவித்திருக்க வேண்டும்.

அடுத்த சித்திரைக்கு முன் ஆணைக்குழு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நிறுத்தச் சொல்வதானால் எத்தனை நாள் முன்னறிவித்தல், எந்த அளவுக் கூரை முதலில், இழந்த அலகுக்கு ஒப்பந்த விலையில் எவ்வளவு என்பதை விதியாக எழுதி வர்த்தமானியில் போடுங்கள். அந்தக் காசு மாதப் பட்டியலில் தனி வரியாக வரட்டும்.