பிள்ளைகளின் குழப்படிக்கும் தமிழில் ஒரு புத்தகம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் சிறுவர் பக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் வாசித்து வருகிறேன். நீண்ட காலம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள நமது பிள்ளைகள் தங்கள் வீட்டையும் தங்கள் சங்கடங்களையும் பற்றிச் சிரித்துச் சிரித்து வாசிப்பதற்குத் தமிழில் ஏறத்தாழ எதுவுமே இல்லை என்ற குறையை முறையிடவே இக்கடிதத்தை எழுதுகிறேன். துணுக்குகளையும் அரசவை விகடகவிகளின் கதைகளையும் நான் இங்கே கருதவில்லை. தம்பி கொப்பியைக் கிழித்துவிட்டதும், புள்ளி குறைந்த விடைத்தாளை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்ததும், விருந்தினர் முன்னால் பாடச் சொன்னபோது தொண்டை அடைத்ததுமான சின்னச் சின்னத் துன்பங்களை ஒரு பிள்ளையின் வாயாலேயே சொல்லும் நகைச்சுவைப் புத்தகங்களையே கருதுகிறேன்.

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில் சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் என் வீட்டு முன் அறையில் கூடி வாசிப்பார்கள். அவர்களுள் ஐந்தாம் தரத்தில் படிக்கும் சிறுவன் ஒருவன், எந்தத் தமிழ்க் கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவான். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "அங்கதான் டீச்சர் நீதி இருக்கும், கேள்வியும் அதிலதான் வரும்" என்றான். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் அந்தப் பிள்ளைக்குக் கதை என்பது கடைசி வரியில் உள்ள ஒரு விடைக்கான நீண்ட முன்னுரையாகி விட்டது. அதே சிறுவன் ஆங்கிலத்தில் ஒரு நாட்குறிப்புக் கதையை வாசிக்கும்போது கடைசிப் பக்கத்தைத் தேடுவதில்லை. கதிரையில் காலை மடக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனைத் தட்டித் தட்டிக் காட்டிச் சிரிக்கிறான். அவனுடைய ஆங்கிலம் தமிழைவிடச் சிறந்தது என்பது இதற்குக் காரணமன்று, ஏனெனில் அரைவாசிச் சொற்களுக்கு அவன் என்னிடம்தான் பொருள் கேட்கிறான்.

இதைவிட என்னை அதிகம் பாதித்தது இன்னொன்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் மின்வெட்டுக் காலத்தை மீட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, அப்போது மூன்றாம் தரத்தில் படித்த ஒரு சிறுமி தன் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னாள். அவளும் ஒரு வயது மூத்த அக்காவும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடசாலைச் சப்பாத்துகளுக்கு வெள்ளை பூசி, யன்னலோரம் காய வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். விடியற்காலையில் வான் வந்து ஹோர்ன் அடிக்க, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடி, வானுக்குள் ஏறிய பிறகே மாட்டியிருக்கிறார்கள். இவள் காலில் இரண்டும் இடது. அக்காவின் காலில் இரண்டும் வலது. தான்தான் பிழை விட்டதாக இருவரும் தனித்தனியே நினைத்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் இருக்கைக்கு அடியில் காலை ஒளித்து, அன்று முழுவதும் விளையாட்டு நேரத்திலும் வாங்கை விட்டு எழும்பாமல் இருந்து, பின்னேரம் வீட்டு வாசலில் அம்மா பார்த்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டிருக்கிறது. அப்பா பெற்றோல் வரிசையில் நின்ற அந்த நாட்களில், ஏச்சு விழப்போகிறது என்று இரண்டு பேரும் நடுங்கி நிற்க, அம்மா வாசற்படியிலேயே இருந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாராம். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். இன்னொரு தடவை சொல் என்று கேட்டார்கள்.

அதை எழுதி வரும்படி சொன்னேன். மறு சனிக்கிழமை எழுதிக்கொண்டு வந்தாள், ஆனால் ஆங்கிலத்தில். தமிழில் சொன்ன கதையை ஏன் ஆங்கிலத்தில் எழுதினாய் என்று கேட்டதற்கு, "தமிழில எழுதினா சிரிப்பு வராது டீச்சர், அது கட்டுரை மாதிரி வந்திடும்" என்றாள். எப்படி வரும் என்று சொல்லிக் காட்டச் சொன்னேன். சப்பாத்து பாதணியாயிற்று. அம்மா ஏசுவா என்பது அன்னையார் கண்டிப்பார் என்றாயிற்று. ஓடினோம் என்பது விரைந்து சென்றோம் என்றாயிற்று. அவள் சொன்னது முற்றிலும் சரி. அந்தத் தமிழில் அக்கதைக்குச் சிரிப்பு வராது. பாடநூலிலும் பரீட்சையிலும் கட்டுரைத் தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை, நானும் என் பணிக்காலம் முழுவதும் அதையே கற்பித்தேன். ஆனால் எழுதுவதற்குத் தமிழில் அந்த ஒரே உடைதான் உண்டு என்று பத்து வயதுப் பிள்ளை நம்பும்படி விட்டுவிட்டோமே என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. வீட்டில் நடப்பதை வீட்டுப் பேச்சில் எழுதலாம் என்பதற்கு அவள் கண்ட சான்று ஆங்கிலப் புத்தகங்கள் மட்டுமே.

அந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சிறிது கூற வேண்டும். அமெரிக்காவின் யக்கிமா என்ற ஊரில் சிறுவர் நூலகராக இருந்த பெவர்லி கிளியரி, நூலகத்துக்கு வந்த சிறுவர்கள், எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிய புத்தகங்கள் எங்கே என்று கேட்டதைத் தம்மால் மறக்க முடியவில்லை என்று பிற்காலத்தில் கூறியுள்ளார். அவருடைய முதல் நூல் 1950இல் வெளிவந்தது. 2021இல் 104ஆவது வயதில் அவர் மறையும்வரை அச்சிறுவர்களின் கேள்விக்கு அவர் எழுதிய விடைகள் பல தலைமுறைகளால் வாசிக்கப்பட்டன. ரமோனா என்ற சிறுமியைப் பற்றிய அவருடைய வரிசையில், 1977இல் வந்த நூலில் தந்தை வேலையை இழக்கிறார். வீட்டில் பணமில்லை, பெரியவர்களுக்குச் சிடுசிடுப்பு, அதற்கு நடுவே மகள் அவரைப் புகைப்பிடிப்பதிலிருந்து விடுவிக்கப் படாத பாடு படுகிறாள். அந்நூலை வாசிக்கும் பிள்ளை சிரிக்கிறது. அதோடு, தன் வீட்டில் மட்டும் இப்படி இல்லை என்ற ஆறுதலையும் பெறுகிறது. எரிவாயு வரிசையையும் பால்மா தட்டுப்பாட்டையும் கண்ட நமது பிள்ளைகளுக்கு அந்த ஆறுதலை எந்தத் தமிழ்ப் புத்தகம் கொடுத்தது?

2007 முதல் நூலாக வெளிவரும் ஜெஃப் கின்னியின் நாட்குறிப்பு வரிசையையே இன்றைய பிள்ளைகள் அதிகம் கேட்கிறார்கள். கோடு போட்ட கொப்பித் தாளில் கையெழுத்துப்போல அச்சிட்டு, நடுவே பிள்ளை கீறியது போன்ற படங்களை வைத்திருப்பதால், வாசிக்கத் தயங்கும் பிள்ளைகூட அஞ்சாமல் கையில் எடுக்கிறது. நான் கவனித்த அளவில் அதன் பலம் இன்னொன்றிலும் இருக்கிறது. கதை சொல்லும் சிறுவன் தன்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று எண்ணிக்கொண்டு திட்டம் போடுவான், அந்தத் திட்டம் எங்கே கவிழும் என்பதை வாசிக்கும் பிள்ளை அவனுக்கு முன்பே கண்டுகொள்ளும். வகுப்பில் எப்போதும் பிந்தி நிற்கும் பிள்ளைக்கு, ஒருவனைவிட முந்தி நிற்கும் அந்த வாய்ப்பு எவ்வளவு பெரியது என்பதைக் கற்பித்தவர்கள் அறிவார்கள்.

நமக்கு இப்படிப்பட்ட மரபே இல்லை என்று எவரும் கூற முடியாது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் கத்தரித் தோட்டத்து வெருளியைக் காவற்காரச் சேவகனாக விளித்துப் பாடியது விளையாட்டன்றி வேறென்ன? பருத்தித்துறைப் பவளக்கொடி பாற்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கனவு கண்டு, தலையை அசைத்துப் பாலைக் கொட்டிவிடும் பாட்டை எத்தனையோ வகுப்புகளுக்கு நடிப்பித்திருக்கிறேன். அதன் முடிவிலும் ஓர் அறிவுரை உண்டு. ஆனால் தலையை அசைக்கும் அந்த இடம் எப்போது வரும் என்றுதான் ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகள் காத்திருந்தார்கள், யார் பவளக்கொடியாக வருவது என்று சண்டையும் பிடித்தார்கள். பெரியவர்களுக்கு, 1960களில் கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'சிரித்திரன்' என்ற நகைச்சுவை இதழ் இருந்தது. அதன் ஆசிரியர் சிவஞானசுந்தரம் அவர்கள் தம் கேலிச்சித்திர மாந்தரை நம் ஊர்ப் பேச்சிலேயே பேசவைத்தார், அதனால் தமிழ் ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை. கொக்குவில் சிறுபராயத்தை அ. முத்துலிங்கம் அவர்கள் மெல்லிய நகைச்சுவையோடு எழுதியிருப்பதையும் அறிவோம், ஆயினும் அவை பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. சிங்களப் பிள்ளைகளுக்கு மார்ட்டின் விக்கிரமசிங்க அவர்கள் 1947இலேயே 'மடோல் தூவ' நாவலில் உபாலி என்ற குழப்படிக்காரச் சிறுவனைக் கொடுத்துவிட்டார். நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு குழப்படிக்காரன் இன்னும் கிடைக்கவில்லை.

இந்தியாவிலிருந்து வரும் சிறுவர் நூல்களில் நல்லவை உண்டு, நான் அவற்றை விரும்பி வாங்குகிறேன். எனினும் அங்கே வரும் வீடு வேறு, பேச்சு வேறு. சென்னைச் சிறுவனின் குறும்பைப் புரிந்துகொள்ளப் பொருள் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும்போது சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் மாடிக்கட்டடத்திலேயே அப்பம்மா, அம்மம்மா, உம்மம்மா, பாட்டி என்று நால்வகை அழைப்பும் ஒரே படிக்கட்டில் கேட்கும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு முஸ்லிம் வீடுகள் என எல்லாப் பேச்சும் கலந்து ஓடும் இந்தக் கட்டடங்களில், தண்ணீர் மோட்டர் பழுதாகும் ஒரு காலைப்பொழுதே ஒரு புத்தகத்துக்குப் போதுமானது. ரொறன்ரோவிலிருந்து மாமா காணொளி அழைப்பில் வரும்போது முழுக் குடும்பமும் ஒரு சிறு திரைக்குள் முகத்தை நுழைக்கப் படும் பாடு இன்னொரு புத்தகம். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டபோது, பெற்றோர் தலையில் கை வைக்கப் பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சியை இதுவரை யாரும் பிள்ளைகளுக்காக எழுதவில்லையே என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இத்தகைய புத்தகங்கள் பிள்ளைகளை வாய்க்காரர் ஆக்கிவிடும் என்று ஒரு தாய் என்னிடம் கவலைப்பட்டார். அவருடைய அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பொய் சொன்ன பிள்ளை அப்பொய்யைக் காப்பாற்ற இன்னும் நான்கு பொய்களைக் கட்டி, கடைசியில் எல்லாம் தலையில் விழும் கதையை வாசித்துச் சிரிக்கும் பிள்ளை பொய்யை விரும்பக் கற்றுக்கொள்வதில்லை. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. பருத்த பிள்ளையையும், கறுத்த நிறத்தையும், மலையகப் பேச்சையும் காட்டிச் சிரிக்க வைக்கும் வழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. அது சிறுவர் நூலுக்குள் ஒருபோதும் வரக்கூடாது, எழுதுவோர் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, தங்களிடம் நான் கேட்பது இதுதான். சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு கட்டத்தையேனும் பிள்ளைகளின் வீட்டுக் கதைகளுக்கு ஒதுக்குங்கள். உரையாடலை அவர்கள் பேசுகிறபடியே அச்சிடுங்கள், கீழே 'நீதி' என்ற தலைப்பைப் போடாதீர்கள். நம் எழுத்தாளர்கள் அதைக் கண்டாவது முன்வருவார்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடைபெறும் புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், தமிழ்க் கடைகளில் இப்படியொரு புத்தகம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பவர் இல்லை என்பதுதான் பதிப்பாளர்கள் எனக்கு எப்போதும் சொல்லும் காரணம். 57ஆவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் எங்கள் பிள்ளைகளுக்கு நடை தூரத்தில் இருக்கிறது. அங்கே எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்கான நகைச்சுவை நூல்களுக்கென ஒரு தட்டு ஒதுக்கப்படுமானால், முதலில் அது பாதி வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை. வெறுமையாக இருக்கும் தட்டைக் கண்டாவது எழுதத் தோன்றும்.

சப்பாத்துக் கதையைச் சொன்ன சிறுமி, நான் பல வாரங்கள் வற்புறுத்திய பிறகு, அதைத் தான் பேசுகிற தமிழிலேயே சீ.ஆர். கொப்பித் தாளில் மூன்று பக்கங்களாக எழுதித் தந்திருக்கிறாள். அவளுடைய பெற்றோரின் சம்மதத்துடன் அதை இக்கடிதத்தோடு இணைத்துள்ளேன். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன். பிரசுரிக்க ஏற்றது என்று தாங்கள் கருதினால், அவள் எழுதிய 'சப்பாத்து' என்ற சொல்லைப் 'பாதணி' என்று மாற்றாமல் வெளியிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.