மூன்று பெயர் கொண்ட திருக்கை

சேலம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன வாரம் நீ போனில் அழுதபோது என் வாயில் உருப்படியாக ஒரு வார்த்தை வரவில்லை. "விடு கண்ணு, சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்டேன். நீ இரண்டு வருடம் கல்லோடு கல்லாக உட்கார்ந்து சுரண்டி, அளந்து, வரைந்து வைத்த புதைபடிவ மீனுக்கு வேறொரு குழு முந்திக்கொண்டு பெயர் வைத்துவிட்டது. அதற்கு "விடு" என்பது பதிலாகுமா? இந்த ஒரு வாரமாக அதே நினைப்புதான்.

போன முறை வந்தபோது நீ கொடுத்துவிட்டுப் போன, புதைபடிவத் திருக்கை ஒன்றின் அச்சு நகலான வார்ப்பை ஷோகேஸிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மகரந்தம் காட்டிய பழைய லென்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தேன். உடல் ஒரு வட்டத் தட்டு. நடுவிலிருந்து துடுப்பின் கதிர்கள் ஒன்றை ஒன்று இடிக்காமல் சுற்றிலும் விரிகின்றன. வால் மெல்லிசாக நீண்டு போகிறது, அதன் மேல் முள், முள்ளின் இரண்டு ஓரமும் அரம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த ஒரு நன்னீர் ஏரியில் நீந்திய மீன் என்று நீ சொல்லியிருந்தாய். திருக்கை என்றால் கடல் என்றே நினைத்திருந்த எனக்கு அப்போதே அது ஆச்சரியம்.

புதன்கிழமை சூரமங்கலத்து மீன் கடையில் திருக்கை வாங்கி வந்தேன். கடைக்காரர் முதலில் வாலைத்தான் நறுக்கித் தூர எறிந்தார். வேகவைத்துச் சதையை உதிர்த்த பிறகு குருத்தெலும்பைக் கழுவி லென்ஸில் பார்த்தேன். மேலெல்லாம் பொடிப்பொடியாகச் சுண்ணச் சில்லுகள், நெருக்கி வைத்த புள்ளிக்கோலம் போல. உள்ளே நகத்தால் அழுத்தினால் பதிகிறது. இப்படி இளகிய உடம்பு சீக்கிரம் அழிந்துபோகும். அதனால்தான் பழைய திருக்கைகளில் பெரும்பாலும் பல்லும் முள்ளும் மட்டுமே கிடைக்கின்றன. முழு உடம்பும் கல்லில் பதிந்து கிடைப்பது எவ்வளவு அரிது என்று அடுப்படியில் நின்றுகொண்டுதான் எனக்குப் புரிந்தது. (மீதியைப் புட்டு செய்தேன். நீ பிறந்த வீட்டில் உன் பாட்டி எனக்குப் பூண்டு தட்டிப் போட்டுச் செய்து கொடுத்த அதே புட்டு.)

பிறகு அந்த வார்ப்பு மீனின் பெயர்க் கதையைத் தேடிப் படித்தேன். 1877-ல் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் மார்ஷ் அதற்கு ஹீலியோபேட்டிஸ் ரேடியன்ஸ் என்று பெயர் வைத்தார். ஹீலியோஸ் என்றால் கிரேக்கத்தில் சூரியன், பேட்டிஸ் என்றால் திருக்கை, ரேடியன்ஸ் என்றால் கதிர் வீசுவது. இரண்டே வருடம் கழித்து, 1879-ல், இன்னொரு அமெரிக்க ஆய்வாளரான கோப் அதே மீனுக்கு ஸிஃபோட்ரைகான் அக்யூட்டிடென்ஸ் என்று பெயர் வைத்தார். வாள் திருக்கை, கூர்பல் கொண்டது. இவர்கள் இருவருக்கும் நடந்த போட்டி ஊரறிந்தது. அதோடு முடியவில்லை. 1947-ல் ஃபௌலர் என்ற மீன் ஆய்வாளர் மூன்றாவதாகப் பேலியோடாசிபேட்டிஸ் டிஸ்கஸ் என்றார். மீன் ஒன்று, பெயர் மூன்று.

எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஜாதகத்தில் ஒரு பெயர் என்று இருந்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நேரத்தில் பெற்றோர் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்! உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் முறை தந்த லின்னேயஸின் 1758 நூல் பதிப்பிலிருந்து கணக்கு வைத்து, முறைப்படி முதலில் வைத்த பெயரே நிற்கும் என்று விலங்கியல்காரர்கள் விதி செய்ததில் நியாயம் இருக்கிறது. உனக்கு எதிராக நடந்திருந்தாலும் நான் அதை நியாயம் என்றுதான் சொல்வேன். உன் வருத்தமும் நியாயம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனி. கோப் வைத்த பெயர் விழுந்தது. அவர் பார்த்த வாள் முள்ளும் கூர்பல்லும் விழவில்லை. அந்த மீனை இன்று யார் விவரித்தாலும் அவற்றைச் சொல்லாமல் முடியாது.

அதே ஏரியில் இன்னொரு திருக்கையும் இருந்திருக்கிறது. கார்வால்ஹோ, மைசி, கிராண்டே என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2004-ல் அதற்கு அஸ்டெரோட்ரைகான் மலோனியி என்று பெயர் வைத்தார்கள். அதன் வால் தடித்தது, முள்ளுக்கு முன்னால் முதுகுத் துடுப்பு உண்டு. ஹீலியோபேட்டிஸுக்கு அந்தத் துடுப்பு இல்லை. முதல் மீனுக்குப் பெயர் வைத்து 127 வருடம் கழித்து, வாலை இவ்வளவு நிதானமாகப் பார்த்திருக்கிறார்கள்! கரும்பலகையில் வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று வருடா வருடம் எழுதிப்போட்டேன். குருத்தெலும்பு மீன்கள் என்ற வகுப்பு, மிலியோபேட்டிஃபார்மிஸ் என்ற வரிசை, ஹீலியோபேட்டிடே என்ற குடும்பம் என்று அந்த ஏணியில் ஒவ்வொரு படிக்கும் பின்னால் இப்படி யாரோ ஒருவருடைய கண் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது எனக்குக் குறைதான்.

உனக்கு எட்டு வயதில் ஏற்காட்டில் சுத்தியலோடு உட்கார்ந்து கல் உடைத்தாயே, நினைவிருக்கிறதா? உள்ளே மீன் இல்லை என்று அழுதாய். சேர்வராயன் மலையின் கல் சார்னோக்கைட், சுமார் 250 கோடி வயது, மீன் என்ற ஒன்று உலகத்தில் வருவதற்கு வெகு முன்பே பூமிக்குள் வெந்து இறுகிய கல் என்று சொன்னேன். நீ அழுகையை நிறுத்தவில்லை. அடுத்த லீவில் பெரம்பலூர்ப் பக்கம் காரைக்கு அழைத்துப்போனேன். அந்தச் செம்மண் ஓடைகளில் வெயில் ஏறும்வரை பெலெம்னைட், அதாவது கணவாய் போன்ற அழிந்துபோன கடல் உயிரின் கல்லான ஓடு, பொறுக்கினாய். அப்பாவின் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் அதன் மேலேயே தூங்கினாய். அந்த மூட்டை இன்னும் பரணில்தான் இருக்கிறது.

உன் மீனைப் பெட்டியில் போட்டு மூடிவிடாதே. அவர்கள் வர்ணனையில் வால் பகுதி சரியாக இல்லை, உன்னுடையதில்தான் முழுதாக இருக்கிறது என்று அழுகைக்கு நடுவே நீயே சொன்னாய். அதைத் தனியாகப் படம் எடுத்து அனுப்பு, அம்மா பார்க்க வேண்டும். லென்ஸைத் துடைத்து மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா