மக்கா, ரெப்போவை மூடுவதற்கு முன்னால்

மக்கா,

நம் லைப்ரரியின் கோடு இருக்கிற ரெப்போவை ஆர்க்கைவ் செய்து, இனி யாரும் மாற்ற முடியாதபடி மூடிவிடலாம் என்று முடிவு எடுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் நீல டிக் விழும், பதில் வராது. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். தமிழ் எழுத்தை எண்ணவும் தேடவும் மற்ற புரோகிராமர்களுக்காக நாம் இரண்டு பேரும் எழுதிய லைப்ரரி, அதன் பெயரை எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் தேடிவந்து உன்னைக் கேள்வி கேட்க வேண்டாம்.

நாம் ஆரம்பித்தபோது ஜாவாஸ்கிரிப்டுக்கு 'தமிழ்' என்பது ஐந்து எழுத்து. இகரக் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணும். வெட்டூர்ணிமடம் சாயாக்கடையில் ரசவடை சுற்றித் தந்த தாளில் அதை எழுதிக் காட்டி, "எழுத்து எண்ணத் தெரியாதவன்ட்ட போய்த் தேடச் சொல்லுதோம் மக்கா" என்றாய். எண்ணெய் ஊறிய தாளில் பேனா பிடிக்காமல் 'ழ்' மட்டும் விழவே இல்லை, விரலால் காட்டினாய். இன்றைக்கு பிரவுசரே எண்ணுகிறது. 2024 ஏப்ரலில் பயர்பாக்ஸ் 125 வந்ததோடு பெரிய பிரவுசர் எல்லாவற்றிலும், எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருகிற இன்ட்ல்.செக்மென்டர் இருக்கிறது. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் இன்னும் உடைத்துத்தான் எண்ணும். மற்றபடி நம் வேலை முடிந்தது.

இதை மட்டும் சொல்லி மூடியிருக்கலாம். போன மாதம் ஒருவர் எழுதினார்: நானே எடுத்து நடத்துகிறேன், புது வெர்ஷன் வெளியிடுகிற பப்ளிஷ் உரிமை கொடுங்கள் என்று. கோடில் திருத்தம் செய்து நல்ல பேட்ச் மூன்று அனுப்பியவர்தான். எனக்குக் கை வரவில்லை. ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை இப்படிக் கேட்டவரிடம் கொடுத்து, 2018இல் அதற்குள் பிட்காயின் வாலட்டைத் திருடுகிற கோடு வந்து உட்கார்ந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட், லினக்ஸில் பைலைச் சுருக்குகிற டூல். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக பேட்ச் அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்த ஆள்தான் அதில் பேக்டோர், அதாவது திருட்டு வாசல், வைத்தது. தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிற எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் தாமதமாகிறதே என்று ஒரு டெவலப்பர் தோண்டியதால் வெளியே வந்தது.

பேக்டோரைவிட அதற்கு முன்னால் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 2022இல் எக்ஸ்இசட்டின் மெயிலிங் லிஸ்டில் யார் யாரோ வந்து, ரிலீஸ் ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு என்று, தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை நெருக்கியிருக்கிறார்கள். மனசு சரியில்லை, இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்று அவர் பதில் எழுதியிருந்தார். அதைப் படிக்கும்போது உன் ஞாபகம்தான் வந்தது. நெருக்கினவர்கள் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன்.

2017இல் ஒக்கி புயல் அடித்து நாலு நாள். எனக்குத் திருவனந்தபுரத்தில் ஏசி, நெட், கான்டீன் சாயா எல்லாம் இருந்தது. உங்கள் பக்கம் போஸ்ட் எல்லாம் சாய்ந்து கிடந்தது, கரண்ட் இல்லை. சர்ச் ஜெனரேட்டரில் போனைச் சார்ஜ் போட்டு, டவர் கிடைக்கிற இடம் தேடி ரோட்டுக்கு ஏறி வருகிறாய் என்று எனக்குத் தெரியும். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரை அங்கே வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்றும் தெரியும். அதில் உன் வீட்டுப் பெயர் உண்டா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இங்கே அதைப் பற்றி எழுதவும் மாட்டேன். அது உன்னுடையது.

அப்போதுதான் நம் லைப்ரரியை எடுத்துப் பயன்படுத்துகிற ஒரு கம்பெனிக்காரர், ரெப்போவில் புகார் எழுதுகிற இஷ்யூவில் நாலாவது தடவையாக வந்தார். கௌரியைப் பாதிப் பேர் 'கெ'யும் 'ள'வும் சேர்த்துக் 'கெளரி' என்று அடிக்கிறார்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது, எல்லாவற்றையும் தானாக ஔகாரமாக்கு, வெள்ளிக்கிழமை லாஞ்ச் என்றார். நீ முன்னாலேயே பதில் போட்டிருந்தாய்: அப்படிச் செய்தால் 'வெளக்கு' என்று பேசுகிறபடி எழுதுகிறவனுக்கு 'வௌக்கு' ஆகிவிடும், அகராதி இல்லாமல் இதைத் தொடக்கூடாது. அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அவர் விடவில்லை. அப்போது நீ ஆங்கிலத்தில் மூன்று வரி போட்டாய். என்ன வரி என்று இங்கே சொல்லவில்லை. அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, அதை மட்டும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

நான் அதை அழித்தேன். எங்கள் நண்பர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எழுதி, அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். அன்று ராத்திரியே அவர் கேட்ட மாற்றத்தை மெர்ஜ் செய்து ரிலீஸ் விட்டேன்.

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது மக்கா. டவுன்லோடு அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் நடத்துகிற லைப்ரரியை நம்பலாமா என்று கேட்கிறவர்களுக்கு நாம் பொறுப்பானவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு வேலை வரும் என்ற ஆசையும் இருந்தது. இதை இன்றைக்குத்தான் முதல்முறை வெளியே சொல்கிறேன். வேலை வரவில்லை. பிப்ரவரியில் ஒரு பையன் 'வௌக்கு' என்று இஷ்யூ போட்டான். நீ சொன்ன அதே சொல். மாற்றத்தை ரிவர்ட் செய்து பழையபடி ஆக்கினேன். மாற்றத்தோடு எழுதுகிற கமிட் மெசேஜில் உன் பெயரைக்கூடப் போடவில்லை.

மன்னித்துக்கொள். அழித்தது தப்பு. அவரிடம் உனக்காக மன்னிப்பு கேட்டது அதைவிடத் தப்பு.

ஆனால் நீ செய்தது மட்டும் சரியா? ஒரு தடவை போன் போட்டுத் திட்டியிருந்தால் நான் அழுதாவது இருப்பேன். நீ சும்மா போனாய். வருகிற இஷ்யூ எல்லாம் என் தலையில். என் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டு, கவரைக் கையில் தந்து "வாரேன்" என்று கிளம்பினாய். மாலையோடு மண்டப வாசல் வரை வந்தேன், உன் பைக் போய்விட்டது. என் மகள் பிறந்த அன்று தக்கலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, செக்யூரிட்டி அலர்ட் வந்த டிபென்டன்சியை, நம் கோடு நம்பியிருக்கிற வேறொரு லைப்ரரியை, மாற்றிக்கொண்டிருந்தேன். பச்சைத் துணியில் சுற்றி நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டியபோது மடியில் லேப்டாப். அதை வாங்கி வைக்கக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. நீ இருந்திருக்க வேண்டிய இடம் அது. இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பாவம் என்று நினைக்க வேண்டாம், இது அவனுக்கு எழுதியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மூன்று வரி தளத்தில் இல்லை. ஆனால் நோட்டிபிகேஷன் மெயிலாக என் இன்பாக்ஸில் இருக்கிறது. அன்றிலிருந்து மூன்று போன் மாற்றிவிட்டேன், அந்த மெயிலை அழிக்கவில்லை. ஆர்க்கைவ் செய்துவிட்டால் அந்த இஷ்யூவில் பிறகு யாரும் எதுவும் எழுத முடியாது. அதற்கு முன்னால் உன் வரிகளை உன் பெயரோடு, நான் அழித்த இடத்துக்குக் கீழேயே திரும்பப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு தடவை உன்னைக் கேட்காமல் உன் எழுத்தில் கை வைத்தேன். இந்தத் தடவை கேட்கிறேன். வேண்டாம் என்றால் போட மாட்டேன். நீயே போடுவதானாலும் சரி, உன் உரிமை எதையும் நான் எடுக்கவில்லை, மெயின்டெய்னர் பட்டியலில் முதல் பெயர் இன்றைக்கும் உன்னுடையதுதான்.

வருகிற ஞாயிறு நவம்பர் 30. ராத்திரி பன்னிரண்டு மணி வரை பட்டனைத் தொட மாட்டேன்.