திரும்பி வந்த மருத்துவக் கடனுக்கு வசூல் ஆட்களை ஏவுவது குறித்துப் புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மருத்துவமனை திருப்பிச் செலுத்திய 1,80,000 ரூபாயை வரவு வைக்காதது, வசூல் முகவர்களின் அத்துமீறல், கடன் அறிக்கையில் தவறான பதிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில்தான் தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகள் உங்களைப் போன்ற நிதி நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. உங்கள் சேவை எண்ணில் தமிழுக்கு 4-ஐ அழுத்தினால் இந்தியில் பேசுபவர் வருகிறார். அவரிடம் பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எழுத்தில் கொடுத்தாலாவது ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்று நம்புகிறேன்.

கணக்கு மிக எளிது. 2024 டிசம்பரில் என் அப்பாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைக்க வேண்டியிருந்தது. காப்பீட்டு நிறுவனம் முன் அனுமதி தராமல், சர்க்கரை நோய் எப்போது வந்தது, எந்த மாத்திரை சாப்பிட்டார் என்று கேள்வி மேல் கேள்வி அனுப்பிக்கொண்டிருந்தது. பில் கவுண்டருக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த உங்கள் பிரதிநிதி, "வட்டி கிடையாது, 12 தவணை, ஓ.டி.பி. சொன்னால் போதும்" என்றார். கடன் தொகை 1,80,000 ரூபாய் நேராக மருத்துவமனைக்குப் போனது. ஒரு ரூபாயைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. அப்பா வீடு திரும்புவதற்குள் காப்பீட்டு அனுமதி வந்துவிட்டது. எனவே மருத்துவமனை அந்தத் தொகை முழுவதையும் 2025 ஜனவரி 9 அன்று உங்கள் கணக்குக்கே நெஃப்ட் வழியாகத் திருப்பி அனுப்பிவிட்டது. யூ.டி.ஆர். எண்ணுடன் (அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கி கொடுத்த அடையாள எண்) மருத்துவமனை கொடுத்த கடிதத்தை இணைத்திருக்கிறேன். இதற்கிடையே ஜனவரி 5 அன்று முதல் தவணை 15,000 ரூபாயை என் வங்கிக் கணக்கிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டாயிற்று.

ஆக, நான் உங்களுக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை. நீங்கள்தான் எனக்கு 15,000 ரூபாய் தர வேண்டும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். யாருடையது என்று தெரியாமல் பணம் வந்தால் அதைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். மாதம் முடிவதற்குள் உரியவரைத் தேடிப் பிடித்து நேர்செய்வோம். இல்லாவிட்டால் ஆடிட்டர் விடமாட்டார். என் பணமும் உங்களிடம் அப்படித்தான் எங்கோ பெயரில்லாமல் கிடக்கிறது. அதைத் தேட ஒருவருக்கும் நேரமில்லை. ஆனால் என்னைத் தேட மட்டும் உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியாது. பிப்ரவரியில், தவணை என் கணக்கிலிருந்து தானாகக் கழிவதை (ஆட்டோ டெபிட்) வங்கியில் நிறுத்தினேன். உடனே "தவணை தவறியது" என்று குறுஞ்செய்தி. 500 ரூபாய் அபராதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 590 ரூபாய், மாதம் தவறாமல். அதன்பின் அழைப்புகள் தொடங்கின. முதலில் பேசியவர்கள் கடுகடுப்பாகப் பேசினாலும் மனிதர்களாகப் பேசினார்கள். ஏப்ரலில் வேறொருவர் அழைக்கத் தொடங்கினார். பெயர் கேட்டேன், "பெயர் எதற்கு, பணத்தைக் கட்டு" என்றார். யூ.டி.ஆர். எண்ணைச் சொல்லத் தொடங்கினால், "அதெல்லாம் எனக்குத் தேவையில்லை" என்று வெட்டினார். நீ, வா, போ என்ற ஒருமையில்தான் பேச்சு. என் அலுவலகத்துக்குப் போன் செய்து, எங்கள் மேலாளரிடம் "உங்கள் பெண்மணி கடன் வாங்கிவிட்டு ஓடி ஒளிகிறாள்" என்று சொன்னதும் அவர்தான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். அவர் என் அப்பாவைப் போனில் அழைத்ததை மட்டும் பொறுக்க முடியாது. விண்ணப்பத்தில் இரண்டாவது தொடர்பு எண் என்று உங்கள் பிரதிநிதிதான் அப்பாவின் எண்ணை எழுதிக்கொண்டார். கடனுக்கும் அவருக்கும் சட்டப்படி எந்தச் சம்பந்தமும் இல்லை. காலை ஏழு மணிக்கு முன்னால் அவரை எழுப்பி, "உன் உயிரைக் காப்பாற்ற உன் மகள் வாங்கிய கடன், உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டிருக்கிறார் உங்கள் ஆள். ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்கூட முழுதாக ஆகாத மனிதரிடம்! அப்பா அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. மாலையில் தன் பாஸ்புக்கை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் எந்த நிதி நிறுவனத்தின் எந்தக் கட்டணப் பட்டியலில் அதைச் சேர்த்திருப்பீர்கள்?

மன்னிக்கவும். கோபத்தில் வரிசை தவறுகிறது.

2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை உங்களுக்குத் தெரியாததல்ல. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது. முகவர் செய்வதற்கு நிறுவனமே பொறுப்பு. "அவர் எங்கள் ஊழியர் அல்ல, வெளி ஏஜென்சி" என்று உங்கள் சேவை மையத்தில் சொன்ன பதில் அங்கேயே அடிபட்டுப் போகிறது. டிஜிட்டல் கடன்களில், முகவர் தொடர்பு கொள்வதற்கு முன்பே அவருடைய விவரத்தைக் கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. எனக்கு இதுவரை ஒரு பெயர்கூட வரவில்லை.

உங்கள் ஆப்பில் புகார் பதிவு செய்தால், ஆவணத்தை யார் திறந்தார்கள் என்றே தெரியாமல் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிடுகிறார்கள். கிளையில் நேரில் கொடுத்தால் முடிந்துவிடும் என்று சேவை மையத்தில் சொன்னதை நம்பி, சம்பளப் பிடித்தத்துடன் விடுப்பு எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் காந்திபுரத்துக்கு வந்தேன். டோக்கன் கொடுத்தார்கள். மதிய உணவு நேரம் என்றார்கள். கடைசியில் கவுண்டரில் இருந்த இளைஞர், "மேடம், இங்கே புதுக் கடன் மட்டும்தான். பழைய கணக்கை எங்களால் திறந்துகூடப் பார்க்க முடியாது" என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார்; அவர்மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் புறப்படும் முன் "உங்களுக்குத் தனிநபர் கடன் சலுகை ஒன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று கேட்டார் பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு பக்கம் நான் பணம் கட்டாத ஏமாற்றுக்காரி, மறுபக்கம் சலுகைக்குத் தகுதியான வாடிக்கையாளர்!

மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் கடன் அறிக்கையில் (கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று வங்கிகளுக்குக் காட்டும் பதிவு). வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தேன். அறிக்கையில் உங்கள் நிலுவையைக் கண்டு வங்கி நிராகரித்துவிட்டது. மனைக்குக் கொடுத்த முன்பணம் 50,000 ரூபாய் போனது. அந்த விலைக்கு அந்த இடம் இனி எந்தக் காலத்திலும் கிடைக்காது. சொந்த வீடு என்ற பேச்சே எங்கள் குடும்பத்தில் முடிந்துவிட்டது. கடன் தகவல் நிறுவனத்தில் மே மாதம் ஆட்சேபம் தெரிவித்தேன். "கடன் கொடுத்த நிறுவனம் தகவல் சரியென்று உறுதி செய்துள்ளது" என்று பதில் வந்தது. யார் உறுதி செய்தது? எதைப் பார்த்து? இப்படிப்பட்ட புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கணக்கையும் நான் எழுதி வருகிறேன்.

தயவுசெய்து கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜனவரி 9-இல் வந்த தொகையை என் கடன் கணக்கில் அந்தத் தேதியிட்டே வரவு வைத்துக் கணக்கை முடியுங்கள். நிலுவையில்லாச் சான்று கொடுங்கள். என்னிடம் எடுத்த 15,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கணக்கில் ஏற்றிய 590 ரூபாய்க் கட்டணங்கள் அனைத்தையும் நீக்குங்கள். கடன் அறிக்கையைத் திருத்தி, திருத்தியதற்கான ஆதாரத்தை அனுப்புங்கள். ஏப்ரலில் அப்பாவிடம் பேசியவரின் பெயர், அவருக்கு நீங்கள் கொடுத்த அதிகாரக் கடிதம், அந்த அழைப்பின் ஒலிப்பதிவு ஆகியவையும் வேண்டும். அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம்கூட வேண்டாம், அப்பாவிடம்.

உங்களோடு சண்டை போடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. நல்ல முறையில் முடிந்தால் நன்றி சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வழக்கமான "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" வந்தாலோ, ஒருங்கிணைந்த ஓம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) திட்டத்தின்படி ரிசர்வ் வங்கியிடம் போவேன். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக இழப்பீடு வழங்க அங்கே இடம் இருக்கிறது, கேட்காமல் விடமாட்டேன். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. மிரட்டல் அழைப்புகளுக்குக் காவல் நிலையமும் இருக்கிறது. அழைப்பு வந்த எண்களும் நேரங்களும் என் போனில் அப்படியே உள்ளன.

பதிலை எழுத்தில் மட்டும், தமிழில் அனுப்புங்கள். அப்பாவின் எண்ணை மட்டும் பதிலுக்குக் காத்திராமல் இன்றைக்கே உங்கள் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

இப்படிக்கு,
கடன்தாரர்
(கடன் கணக்கு எண் இணைப்பில்)

இணைப்பு: மருத்துவமனைக் கடிதம், ஜனவரி மாத வங்கிக் கணக்கு அறிக்கை, காப்பீட்டு அனுமதி நகல், கடன் அறிக்கை, அழைப்புப் பதிவுகள்